வெள்ளிக்கிழமைக் கறி

இப்போதெல்லாம் நோயாளிகள் சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். உணவியல் பிரிவில் இருக்கும் பிள்ளைகள் அதைத் திரையில் பெரிதாக்கி, சோறு இவ்வளவு, கீரை இவ்வளவு என்று குறித்துக்கொள்கிறார்கள். படங்களில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. கீரை எப்போதும் முன்பக்கம் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த மாற்றம் இது. சென்ற மாதம் ஈப்போவில் பழைய சகாக்கள் கூடிய மதிய விருந்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் கவிதா என்ற பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, இனிமே நேத்து என்னா சாப்ட்டீங்கன்னு கேக்கவே வேணாம் லா. போன்லயே எல்லாம் வந்துருது," என்றாள்.

நல்லது என்றேன். பிறகு, விரத நாளில் எடுத்த படம் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

யோசித்துப் பார்த்தாள். வரவில்லை. "விரதம் இருக்கறப்ப என்னத்தக்கா படம் எடுக்கறது?" என்றாள்.

அவளுக்குப் பதில் சொல்லத் தொடங்கியது சாப்பாடு முடிந்தும் முடியவில்லை. எழுதித் தரும்படி கேட்டாள். எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக மருத்துவமனை உணவியலாளராக இருந்தேன். எந்த நோய்க்கு எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்று நோயாளியிடம் சொல்லும் வேலை. அதற்கும் முன்னால், பள்ளியில் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்த கையோடு, ஒரு தமிழ் நாளிதழுக்கு ஈப்போ வட்டாரச் செய்தி எழுதினேன். கோயில் திருவிழா, பள்ளிப் பரிசளிப்பு, சாலை விபத்து. "பெருந்திரளானோர் கலந்துகொண்டனர்" என்று எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் அடித்துவிட்டு, "எண்ணினியா?" என்று கேட்பார். படிப்பு கோலாலம்பூரில். பயிற்சி பெரும்பாலும் மருத்துவமனைச் சமையற்கட்டுகளில். அங்கே உப்பில்லாத கஞ்சியைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமோ அவ்வளவும் தெரிந்துகொண்டு ஊர் திரும்பினேன்.

எங்கள் பிரிவின் தலைவர் மிஸஸ் பூபாலன். ஈப்போவிலேயே பிறந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண்மணி. பருத்திச் சேலை, காதோரம் நரை, முகத்தில் எந்தச் செய்தியும் இருக்காது. அவர் மேசை இழுப்பறையில் பிளாஸ்டிக்கில் செய்த சோறு, சப்பாத்தி, மீன் துண்டு எல்லாம் இருக்கும். நோயாளி "கொஞ்சம் சோறு" என்றால் அந்தப் பிளாஸ்டிக் சோற்றை ஒவ்வொரு அளவாக மேசைமேல் வைத்துக்கொண்டே போவார், நோயாளியே "போதும்" என்று சொல்லும்வரை.

கேள்வி கேட்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. "காலைப் பசியாறலுக்கு என்ன?" என்று கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் பசியாறாதவர்களும் ஒரு பசியாறலைத் தயாரித்துச் சொல்வார்கள் என்பது அவர் கருத்து. "நேற்று எழும்பினதும் முதல்ல வாயில என்ன போனது?" என்று தொடங்குவார். அதன் பின் அவரிடமிருந்து வரும் ஒரே சொல், "பிறகு?" நோயாளி படுக்கைக்குப் போகும்வரை அதுதான். பிறகு மறுபடி முதலிலிருந்து வந்து, குடித்தது என்ன என்று கேட்பார். மூன்றாவது தடவை, சமைக்கும்போது ருசி பார்த்தது என்ன. இத்தனைக்கும் நடுவில் தலையாட்ட மாட்டார். தலையாட்டினால் எது நல்ல பதில் என்று நோயாளிக்குத் தெரிந்துவிடும்.

காம்பாரிலிருந்து வந்த டாக்சிக்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். "சீனிய நான் தொடுறதே இல்ல மேடம். வீட்டுல சீனி டப்பாவே இல்ல," என்றார்.

"பிறகு?"

"பிறகு சவாரி. நடுவுல தே தாரிக்."

"அதில சீனி?"

"சே. சீனி இல்லாமதான் கேப்பேன். சூசு மட்டும்தான்."

சூசு என்றால் பால். தே தாரிக் என்ற ஆற்றிய தேநீரில் ஊற்றும் பால் டின்னில் வரும், சீனிப் பாகு போல இருக்கும். மிஸஸ் பூபாலன் சிரிக்கவில்லை. "எத்தனை கிளாஸ்?" என்று மட்டும் கேட்டார். டாக்சிக்காரர் விரல்களை எண்ணத் தொடங்கி, ஒரு கை முடிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

இந்த முறையை நானும் பழகிக்கொண்டேன். பல ஆண்டுகள் அது தவறவில்லை. தேவிகாவின் விஷயத்தில்தான் அது போதவில்லை.

அது நடந்தது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன். தேவிகாவுக்கு முப்பத்து மூன்று வயது. பத்து காஜா பக்கம் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கணவர் குணா லாரி ஓட்டுநர். மாமியார் பாக்கியம், ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, மகனோடும் மருமகளோடும் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தார்.

தேவிகா மூன்று முறை கருத்தரித்திருந்தார். மூன்றும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. அதன் பிறகு கருவே தங்கவில்லை. கருப்பை சரியாக இருந்தது, குழாய்கள் சரியாக இருந்தன, கணவரிடமும் குறையில்லை. மகப்பேற்று மருத்துவர் கோப்பில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். செயற்கைக் கருத்தரிப்பு செய்ததில் நல்ல நிலையில் கிடைத்தது ஒரே ஒரு கரு. அதை உறைய வைத்திருந்தார்கள். கருப்பைக்குள் வைக்கும் முன் அவரது இரத்தசோகையைச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், பிறகு ஊசிவழி ஏற்றினார்கள். ஏறிய இரும்புச் சத்து சில மாதங்களில் இறங்கிவிட்டது.

எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்க, குடல் மருத்துவர் லிம்மிடம் அனுப்பினார்கள். அவர் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். கசிவு இல்லை. ஆனால் சிறுகுடலின் உட்சுவர் இருக்க வேண்டிய மாதிரி இல்லை. ஒரு துளி சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார், இரத்தமும் எடுத்தார். முடிவு, சீலியாக் நோய்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது வெறும் உணவு. சீலியாக் உள்ளவர்களின் உடல் அதைக் கண்டதும் தன் குடலையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் பூந்துவாலையின் இழைகள் போல நிற்கும் நுண்ணிய உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. சாப்பிட்டது உள்ளே போகும், சத்து உடம்பில் சேராது. இரும்பு சேராது, கருவுக்கு வேண்டிய ஃபோலிக் அமிலம் சேராது. சிலருக்கு வயிற்றுப்போக்கு இருக்கும். சிலருக்கு வயிற்றில் ஒரு தொல்லையும் இருக்காது. மாதவிலக்கு ஒழுங்கு தவறும், கரு தங்காது, தங்கினால் கலையும். இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று முழுதாக யாருக்கும் தெரியாது. பிள்ளை இல்லாத பெண்களில் மிகச் சிலருக்குத்தான் இது காரணம். அந்தச் சிலரை யாரும் தேடுவதில்லை. அதிலும் மூன்று வேளை சோறு சாப்பிடும் தமிழ்ப் பெண்ணிடம் யார் கோதுமை நோயைத் தேடப் போகிறார்கள்?

பாக்கியமும் அதைத்தான் கேட்டார். எங்கள் நாட்டில் தாதியரை மிஸ்ஸி என்பார்கள். நான் தாதி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், அதில் அவருக்கு அக்கறை இல்லை.

"கோதுமையா? நாங்க சோத்துக்காரங்க மிஸ்ஸி. கோதுமைக்கும் எங்களுக்கும் என்னா இருக்கு?"

"ரொட்டி, பிஸ்கட், மீ கோரெங்?"

"அது வாய்க்கு லா. வயித்துக்குச் சோறுதான்."

வாய்க்குப் போவதையும் நிறுத்த வேண்டும் என்றேன். ரொட்டி, ரொட்டி சானாய் என்ற பரோட்டா, மீ என்ற நூடுல்ஸ், பிஸ்கட், கறிபாப் பலகாரம், சப்பாத்தி, ரவை, மால்ட் கலந்த பானம். வாழ்நாள் முழுதும். கொஞ்சமாகக்கூடக் கூடாது. எதிர்ப்பொருள் என்று இரத்தத்தில் ஒன்றை அளப்பார்கள், அது இறங்கினால் குடல் ஆறுகிறது என்று அர்த்தம், இறங்கிய பிறகுதான் அந்தக் கருவை உள்ளே வைப்பார்கள். தேவிகா கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதை நாங்கள் தேநீருக்குச் சாப்பிட்டோம்.

சில மாதம் கழித்து எதிர்ப்பொருள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்த சோதனையில் மறுபடி ஏறியிருந்தது. டாக்டர் லிம், நோயாளி மறைவாக எதையோ சாப்பிடுகிறார் என்ற பொருளில் ஒரு வரி எழுதி என்னிடம் அனுப்பினார்.

அன்று குணாவும் வந்திருந்தார். என் அறையிலேயே தொடங்கிவிட்டார்.

"கேண்டீன்ல கறிபாப் சாப்ட்டியா இல்லையா? உள்ளத மிஸ்ஸிகிட்ட சொல்லு."

"ஒன் லாரியில பிஸ்கட் டின்னு வெச்சிருக்கல்ல, அதோட மூடியக்கூட நான் தொட்டதில்ல."

"அப்பறம் எப்படி ஏறுது? காத்துல ஏறுதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்னா தொக்தரா?"

பாக்கியம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். "அவ சாப்டல. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒரு மசக்கைக்காரியப் பாத்துக்கற மாதிரி பாத்துக்கறேன்," என்றார். சொன்ன பிறகு அந்தச் சொல்லுக்காக வாயைப் பொத்திக்கொண்டார்.

தேவிகா என்னைப் பார்த்தார். "இருக்கறது அது ஒண்ணுதான் மிஸ்ஸி. ரொம்ப நாள் வெச்சிருக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. இப்பவே வெச்சுரலாம்னு கேட்டா, இந்த நம்பரோட வெச்சா நாலாவதும் போயிரும்னு சொல்றாங்க. நான் என்னா செய்யறது?"

என்னிடம் இருந்தவை கேள்விகள்தான். எழும்பியதிலிருந்து படுக்கும்வரை கேட்டேன். சோறு, மீன் குழம்பு, கங்குங் கீரை, வாழைப்பழம், மீண்டும் சோறு. குடித்தது கேட்டேன். சமைக்கும்போது ருசி பார்த்தது கேட்டேன். ஒரு பருக்கை கோதுமை இல்லை. முந்தைய வருகைகளிலும் அதே மீன் குழம்பு, அதே கீரை.

பக்கத்து அறைக்குப் போய் மிஸஸ் பூபாலனிடம் சொன்னேன். ஓய்வுக்கு அவருக்குச் சில மாதங்களே இருந்தன. கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கட கிளினிக் என்றைக்கு?"

"வியாழக்கிழமை."

"எப்பவும் வியாழனோ?"

"எப்பவும்."

"அப்ப அவவுக்கு எப்பவும் நேற்று புதன்," என்று எழுந்து வந்தார்.

தேவிகாவுக்கு எதிரே உட்கார்ந்தார். குணா நாற்காலியைக் கொடுத்துவிட்டுச் சுவரோடு நின்றார்.

"நான் நேற்றையைக் கேட்கேல்லை, பிள்ளை. போன வெள்ளிக்கிழமையைச் சொல்லுங்கோ. எழும்பினதும் முதல்ல என்ன?"

"வெள்ளிக்கிழம விரதம் மேடம். ஒண்ணும் சாப்ட மாட்டேன்."

"ஒண்டுமே?"

"சாயந்திரம் வெளக்கு வெக்கற வரைக்கும்."

"பிறகு?"

"பிறகு சோறு, பருப்பு, கறி."

"விரதத்தில கறியோ?"

"சைவக் கறி மேடம்," என்றார் பாக்கியம். "சோயாவுல செய்யறது. சீனக் கடையில ஐஸ்ல வெச்சிருப்பாங்க. மட்டன் மாதிரியே இருக்கும். நாந்தான் பெரட்டிக் குடுப்பேன். பட்டினி கெடந்தவளுக்கு வெறும் பருப்பா ஊத்தறது?"

"இது வெள்ளிக்கு. செவ்வாய்?"

"செவ்வாயும் விரதம்தான்."

"பிறகு?"

தேவிகா சொன்னார். கல்யாணமான புதிதில் வெள்ளி மட்டும்தான். முதல் கரு கலைந்ததும் பாக்கியம் முருகனுக்கு வேண்டிக்கொண்டார், செவ்வாய் சேர்ந்தது. இரண்டாவது கலைந்ததும் சிவனுக்குத் திங்கள். மூன்றாவதுக்குப் பிறகு சனி. வாரத்தில் மீனுக்கு மிச்சமிருந்தவை மூன்று நாட்கள். அதில் புதன்கிழமையைத்தான் நான் மாதக்கணக்கில் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

"கோதுமையை நிப்பாட்டச் சொல்ல முதல், விரத நாள் ராவில என்ன சாப்பிட்டனீங்கள்?"

"சோறு ஆகாது மேடம். பலகாரம்தான். சப்பாத்தி. சில நாள் ரவை உப்புமா."

விரத இரவில் சோற்றைத் தவிர்த்துப் பலகாரம் சாப்பிடுவது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்த வழக்கம். ஒவ்வொரு கரு கலைந்தபோதும் அந்த வீட்டில் ஒரு விரதம் கூடியது. விரதம் கூடியபோது கோதுமை கூடியது. என் பேச்சைக் கேட்டுச் சப்பாத்தியை நிறுத்தினார்கள். அந்த இடத்துக்குப் பாக்கியம் சோற்றையும் சைவக் கறியையும் கொண்டுவந்தார்.

"அந்தக் கறி சோயா இல்லை, அம்மா," என்றார் மிஸஸ் பூபாலன். "இருந்தாலும் கொஞ்சம்தான். மிச்சம் கோதுமை."

பாக்கியம் சிரித்தார். "கோதுமைன்னா மாவு லா மேடம். சப்பாத்தி தெரியாதா எனக்கு? இது கறி. நார் நாரா இருக்கும். பல்லுல மாட்டும்."

"பாக்கெட்டில எழுதியிருக்கு."

"சீனத்துல எழுதியிருக்கு. எழுத்த நம்பி என்னா ஆவுது? நான் கையால தொட்டுச் சமைக்கறவ."

மிஸஸ் பூபாலன் "வாங்கோ," என்று எழுந்தார்.

எங்கள் பிரிவில் நோயாளிகளுக்குச் சமைத்துக் காட்ட ஒரு சிறிய சமையற்கட்டு இருந்தது. நால்வரும் அவர் பின்னால் போனோம். அவர் ஒரு பாத்திரத்தில் கோதுமை மாவைக் கொட்டித் தண்ணீர் விட்டுப் பிசைந்தார். சப்பாத்திக்குப் பிசைவதைவிட நீண்ட நேரம், அழுத்தி, அறைந்து பிசைந்தார். வளையல் இல்லாத கை என்பதால் சத்தம் மாவின் சத்தம் மட்டும். உருண்டையாக்கித் தண்ணீரில் மூழ்க வைத்தார். ஊறட்டும் என்றார். குணா வெளியே போய்ப் புகைத்துவிட்டு வந்தார்.

பிறகு உருண்டையைக் குழாயடியில் பிடித்துப் பிழிந்தார். வெள்ளையாகப் பால் போலத் தண்ணீர் ஓடியது. பிழியப் பிழிய உருண்டை சிறுத்தது. மாவு கரைந்து முழுக்கப் போய்விடும் என்றுதான் பாக்கியம் நினைத்திருக்க வேண்டும், எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். போகவில்லை. தண்ணீர் தெளிந்தபோது மிஸஸ் பூபாலனின் உள்ளங்கையில் சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில், ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி மிஞ்சியிருந்தது.

"பிடியுங்கோ," என்று பாக்கியத்தின் கையில் வைத்தார்.

பாக்கியம் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். நீண்டது. விட்டார். சுருங்கிக்கொண்டது. மறுபடி இழுத்தார்.

"ஒட்டுப்பால்," என்றார்.

வெட்டிய ரப்பர் மரத்தில் வடிந்த பால் பட்டையிலேயே காய்ந்து பிடித்திருக்கும். அடுத்த நாள் வெட்டுவதற்கு முன் அதை உரித்தெடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். பாக்கியம் முப்பது ஆண்டு உரித்தவர்.

"மாவுக்குள்ள இது இருக்கா?"

"இதுதான் குளூட்டன். இவவுக்குக் கூடாது எண்டது இதைத்தான். சப்பாத்தியில மாவோட கலந்து இருக்கும். உங்கட கறியில மாவையெல்லாம் கழுவிப்போட்டு இதை மட்டும் வைச்சிருக்கினம்."

ஒரு துண்டை அவித்து, நறுக்கி, எண்ணெயில் மசாலைத் தூளோடு பிரட்டினார். பாக்கியம் ஊதிவிட்டு வாயில் போட்டார். நீண்ட நேரம் மென்றார்.

"அதேதான்," என்றார்.

அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் நடக்கவில்லை. கையைச் சேலையில் துடைத்தார். அப்புறம் மறுபடியும் துடைத்தார்.

"அப்ப நாந்தான் இவளுக்கு வெச்சுக் குடுத்திருக்கேன்."

"நீங்கள் கறி எண்டு நினைச்சுக் குடுத்தனீங்கள். இனிக் குடுக்காதேயுங்கோ. முடிஞ்சுது."

"என்னா மேடம் முடிஞ்சிச்சு? மூணு போயிருச்சு."

குணா "அம்மா" என்றார். பாக்கியம் திரும்பவில்லை. மிஸஸ் பூபாலனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல அதுதான் இடம். எங்கள் தலைவருக்கு அது வராது.

"அந்த மூண்டுக்கும் கோதுமைதான் காரணம் எண்டு எனக்குத் தெரியாது. இல்லை எண்டும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியப் போறதில்லை. நாலாவதைத்தான் நாங்கள் பாக்கலாம்," என்றார்.

பாக்கியம் தலையை ஆட்டினார். ஆறுதல் சொல்லியிருந்தால் ஆட்டியிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்து விரதம். நான்கு நாள் சைவம் என்று சாமிக்குச் சொன்ன வாக்கு. அதைக் குறைக்க முடியாது என்றார் பாக்கியம். குறைத்தால் நல்லது என்று நான் நினைத்தேன், சொல்லவில்லை. அதுவரை சுவர் ஓரமாக நின்ற தேவிகாதான் பேசினார்.

"நான் சாமிகிட்ட புள்ளதான் கேட்டேன். மட்டன் கேக்கல."

குணா சிரித்துவிட்டார். பிறகு அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நான்கு நாள் சைவம் அப்படியே தொடர்ந்தது. விளக்கு வைக்கும்வரை பட்டினி என்பதை மட்டும் மிஸஸ் பூபாலன் எடுத்துவிட்டார், இரத்தசோகைக்காரியிடம் சாமி அதைக் கேட்காது என்று. பருப்பு, கடலை, மரவள்ளி, காளான், தௌஃபூ என்று எழுதிக் கொடுத்தோம். மிஸஸ் பூபாலன் அந்த வீட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்து சாம்பார் வரை ஒவ்வொன்றாக விசாரித்தார். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பார்கள், அது போனது. கிச்சாப் என்ற சோயாச் சாற்றிலும் கோதுமை, அதுவும் போனது. தோசைக்கல்லையே சப்பாத்திக்கும் போடுகிறார்கள் என்பதால் தேவிகாவுக்குத் தனிக்கல். குணா தன் லாரி பிஸ்கட் டின்னை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று பாக்கியம் அங்கேயே உத்தரவு போட்டார்.

அதற்கடுத்த சோதனையில் எதிர்ப்பொருள் இறங்கியது. அதற்கடுத்ததிலும் இறங்கியது. மாத்திரையிலேயே இரும்புச் சத்து ஏறி நின்றது. நான் தேவிகாவின் சந்திப்பு நாளை ஒவ்வொரு முறையும் வேறு கிழமைக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். மிஸஸ் பூபாலன் ஓய்வு பெற்றுப் போன பிறகு, ஒரு நாள், அந்த ஒரே கருவை வைத்தார்கள்.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. தேவிகா சொன்னதை எழுதுகிறேன். கரு வைத்து ஏழாவது வாரம் கோயிலில் திருவிழா. பிரசாதம் கேசரி. கேசரி என்றால் ரவை, ரவை என்றால் கோதுமை. தேவிகா வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார். வரிசையில் நின்ற பெண் ஒருவர், "புள்ள வேணும்னு கோயில் கோயிலா சுத்தற, சாமி குடுக்கறத வேணாங்கற? அப்பறம் எப்படித் தங்கும்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

பாக்கியம் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"அவ பங்கையும் என்கிட்ட குடுங்க. புள்ள பொறக்கற வரைக்கும் மருமவ பிரசாதத்த மாமியாதான் திங்கணும்னு வேண்டுதல்."

"அப்படி ஒரு வேண்டுதலா?"

"இருக்கு. நீங்க கேள்விப்பட்டதில்லையா? என்னா நீங்க."

இரண்டு பங்கையும் அங்கேயே நின்று சாப்பிட்டாராம். பாக்கியத்துக்கு இனிப்பு நீர் உண்டு. தேவிகா சொன்னபோது அதை நான் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம் மாதம் முடிந்தது. அந்த வாரம் முழுதும் பாக்கியம் வீட்டில் யாரையும் உரக்கப் பேச விடவில்லை என்று குணா சொன்னார். ஒன்பதாம் மாதம் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி குறையில்லை.

கோதுமையை நிறுத்தியதால்தான் பிறந்தது என்று நான் எங்கும் எழுதவில்லை. பாக்கியம் அப்படியே ஊரெல்லாம் சொன்னார். கோயிலில் பிள்ளை இல்லாத பெண் யாரைப் பார்த்தாலும், வெள்ளிக்கிழமை என்ன சாப்பிடுகிறாய் என்று விசாரித்து எங்கள் மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். பாகான் செராயிலிருந்துகூட ஒருவர் வந்தார். வந்தவர்களில் எவருக்கும் சீலியாக் இல்லை. டாக்டர் லிம் ஒரு கட்டத்தில், அந்த அம்மாளிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டார். பேசினேன். இரண்டு வாரம் யாரும் வரவில்லை. பிறகு மறுபடி வந்தார்கள்.

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்தபோது மூவரும் என்னைப் பார்க்க வந்தார்கள். குழந்தை பாக்கியத்தின் மடியில் இருந்தது. சோற்றுக்கஞ்சி தொடங்கியாகிவிட்டது என்றார் தேவிகா.

"கோதுமை?" என்று கேட்டேன்.

"இந்த வூட்டுல அந்தப் பேச்சே இல்ல," என்றார் பாக்கியம். "எங்க புள்ளைக்கு நாங்க காட்டவே போறதில்ல. காட்டாம வெச்சிட்டா அந்தச் சீக்கு வராதுல்ல?"

இதற்கு நேரான பதில் கொடுக்க வேண்டியிருந்தது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கலாம். இருக்கிறதா என்று பின்னால் இரத்தத்தில் சோதிப்பார்கள். ஆனால் கோதுமை சாப்பிடுகிற உடம்பில்தான் அந்தச் சோதனை எதையும் காட்டும். கொடுக்காமலே வளர்த்துவிட்டுச் சோதித்தால் இருந்தாலும் இல்லையென்றுதான் வரும். இருப்பது தெரியாமலே வளர்வாள், ஒரு நாள் வெளியே போவாள், சாப்பிடுவாள். அவள் அம்மாவுக்கு ஆனது போல, கல்யாணமாகி, மூன்று போன பிறகு தெரியவரும். மற்றக் குழந்தைகளைப் போல இவளுக்கும் இப்போதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று டாக்டர் லிம் எழுதியிருந்தார்.

பாக்கியம் எல்லாவற்றையும் கேட்டார்.

"இல்லாமலும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம். இல்லாம இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்."

"ஆனா குடுத்தாத்தான் தெரியும்."

"ஆமா."

தேவிகா, "நான் குடுக்கறேன் அத்த. நீங்க புடிச்சுக்குங்க," என்று கையை நீட்டினார். என் மேசையில் நான் சாப்பிட்டு மீதம் வைத்த ரொட்டி இருந்தது. தேவிகா அதைத் தொடும் முன் பாக்கியம் எடுத்துக்கொண்டார். கருகிய ஓரத்தைக் கிள்ளி எறிந்தார். நடுவிலிருந்து நகக்கண் அளவு பிய்த்து, விரல் நுனியில் உருட்டி, தன் நாக்கில் வைத்து நனைத்தார். வெகுநேரம் அதை விரலிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

குழந்தைதான் அந்த விரலைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. சப்பியது. பாக்கியம் விரலை எடுக்கவில்லை. குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு, அது விழுங்கும்வரை, தன் வாயையும் திறந்து வைத்திருந்தார்.